இலை போட்ட உருளைக்கிழங்குப் பிரட்டல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம் நிற்கிறது. வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம், வாசத்துக்குக் கறியில் போடும் நீண்ட இலையான ரம்பை பற்றையாக வளர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இது புதுமையில்லை. கால் ஏக்கர் வளவுள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். இப்படி இலைக்குப் பஞ்சமில்லாத ஊரில், இலையின் வாசமே இல்லாத உருளைக்கிழங்குப் பிரட்டலைப் பல வீடுகளில் சாப்பிட்டிருக்கிறேன். கறியில் இலை கிடக்கும். வாயில் வாசம் வராது. ஒதுக்கி வைத்த கறிவேப்பிலை தட்டின் ஓரத்தில் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தாலே, அது எந்த நேரத்தில் தாச்சிக்குள் போனது என்று சொல்லிவிடலாம்.

தவறு சந்தையிலேயே தொடங்கிவிடுகிறது. கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் கார்த்திகை, மார்கழியில் நட்ட கிழங்கு மாசி, பங்குனியில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் சுன்னாகம் சந்தைக்கும் வரும். நகத்தால் சுரண்டினாலே தோல் உரியும். அவித்தாலும் துண்டு துண்டாக நிற்கும். பிரட்டலுக்கு அதைவிட நல்ல கிழங்கு இல்லை. மற்றக் காலங்களில் கிடைப்பவற்றில் சில அவிந்ததும் மாவாக உதிரும். அது மசித்துக் கறிவைக்க நல்லது, பிரட்டலுக்கு ஆகாது. எந்தக் கிழங்கானாலும் வெயில் பட்டுப் பச்சை பிடித்ததை வாங்கவே கூடாது. பச்சை நிறம் தெரிகிற இடத்தில் சோலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அது முழுமையாக அழியாது. வீட்டில் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் சாக்கில் போட்டு வைத்தால் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் மாச்சத்தில் ஒரு பங்கு சர்க்கரையாக மாறிவிடும். அந்தக் கிழங்கு தாச்சியில் விழுந்ததும் உள்ளே பொரியுமுன் வெளியே கருகிவிடும், சுவையும் இனிக்கும்.

அடுத்தது அவிக்கும் விதம். அவசரத்தில் கிழங்கைப் பிரஷர் குக்கரில் போட்டு மூன்று விசில் விடுகிறவர்கள் பலர். வெளியே குழைந்து, நடுவில் வெடித்த கிழங்கு எண்ணெயில் பொரியாது, எண்ணெயைக் குடிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் துண்டுகளைக் கொட்டினாலும் ஓரம் கரைந்து நடு வேகாமல் நிற்கும். அரைக் கிலோ கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிக் கழுவி, ஒரு லீட்டர் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புடன் போட்டு, பிறகு அடுப்பை மூட்டுங்கள். உப்பு இந்த வேளையில்தான் கிழங்கின் உள்ளே போகும். பிறகு மேலே தூவுகிற உப்பு மேலேயே நின்றுவிடும்.

எத்தனை நிமிடம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் அடையாளம். நீரிலுள்ள கல்சியம் கிழங்கின் கலச்சுவர்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினை இறுக்குகிறது. ஆகவே வேறு ஊர்ச் சமையல் குறிப்பில் எட்டு நிமிடம் என்று எழுதியிருந்தால் அதை நம்பி இறக்கிவிடாதீர்கள். ஓர் ஈர்க்கை எடுத்துத் துண்டின் நடுவில் குத்துங்கள். நுழையும்போது மெல்லத் தடை தெரிய வேண்டும், நின்றுவிடக் கூடாது. அந்தப் பதத்தில் வடித்துவிட்டு, வெறும் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் ஆவி போக விடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் அதிகம். ஈரக் கிழங்கு எண்ணெயில் விழுந்தால் முதலில் தண்ணீர் வற்றிய பிறகுதான் பொரியத் தொடங்கும். அதற்குள் பாதி உடைந்துவிடும். ஆவி போன துண்டின் ஓரம் வெளிறி, மாப் பூத்ததுபோல் இருக்கும். அந்த மாப்பூச்சுதான் பிறகு மொறுமொறுவென்று வரும்.

தேசிக்காய்ப் புளியையோ தக்காளியையோ கிழங்கு அவியுமுன் சேர்ப்பது இன்னொரு தவறு. புளிப்புப் பட்ட கிழங்கு நெடுநேரம் கொதித்தாலும் நறுக்கென்றே இருக்கும். புளி எப்போதும் கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு.

இனி இலை. எனக்கு இந்தக் கறியில் மிகப் பெரிய ஆதங்கம் இதில்தான். கடுகு வெடித்ததும் கறிவேப்பிலை, ரம்பை, மல்லி இலை எல்லாவற்றையும் ஒரே பிடியாகப் போட்டு, மேலே கிழங்கைக் கொட்டி இருபது நிமிடம் பிரட்டுகிறோம். கிழங்கு பொன்னிறமாக வரும் வேளையில் இலை கரியாகியிருக்கும். எனவே வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அகன்ற தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, காய்ந்ததும் கிழங்கை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்புங்கள். நெருக்கிப் போட்டால் அவியும், பொரியாது. போட்டவுடன் அகப்பையால் கிண்டவும் கூடாது. ஒரு பக்கம் சிவந்து தானாகவே தாச்சியை விட்டு வந்த பிறகுதான் திருப்ப வேண்டும். நன்றாகச் சிவந்ததும் கிழங்கை எடுத்து வேறாக வையுங்கள். மிஞ்சிய எண்ணெயில்தான் தாளிதம்.

அந்த எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், இரண்டு செத்தல் மிளகாய். பிறகு சின்ன வெங்காயமும், விரல் நீளத்துக்கு நறுக்கிய ரம்பையும். ரம்பையின் வாசம் மெதுவாக இறங்குவது. பாஸ்மதி அரிசியில் வருகிற அதே வாசப்பொருள்தான் அதிலும் இருக்கிறது; வெங்காயத்துடன் சேர்ந்து வதங்கி நேரம் எடுத்துக்கொண்டால்தான் கறிக்குள் வரும். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கறிவேப்பிலையில் பாதி. கறிவேப்பிலையின் வாசம் எண்ணெயில் கரைவது, தண்ணீரில் அல்ல. கொதிக்கும் குழம்பில் மிதக்கவிட்ட இலை வாசம் தராமல் போவதற்குக் காரணம் அதுதான். ஆனால் கழுவிய ஈரத்தோடு போட்டால் எண்ணெய் முகத்தில் தெறிக்கும், சூடும் இறங்கிவிடும். துணியில் ஒற்றி, ஈர்க்கிலிருந்து உருவி, கையால் ஒருமுறை கசக்கிப் போடுங்கள். படபடவென்ற சத்தம் அரை நிமிடத்தில் அடங்கும். இலை கரும்பச்சையாகி, ஒளி ஊடுருவுகிற மாதிரி மெல்லிதாகத் தெரியும். எடுத்து நெரித்தால் கடதாசிபோல் நொறுங்கும். அதற்கு மேல் ஒரு கணமும் தாமதிக்காமல் கிழங்கைத் திரும்பக் கொட்ட வேண்டும்.

மீதிப் பாதிக் கறிவேப்பிலையை மெல்லிதாக அரிந்து இறக்கும் வேளையில் தூவுங்கள். மல்லி இலை அடுப்பை அணைத்த பிறகு மட்டுமே. அதன் வாசம் சூட்டில் பறந்துவிடும். நெருப்பில் வாடிய மல்லி இலையில் புல்லின் மணம்தான் மிஞ்சும். தண்டை எறிந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் வேதனைப்படும். மெல்லிய தண்டைப் பொடியாக அரிந்து வெங்காயத்துடன் வதக்கினால் இலையைவிட நன்றாகவே கமழும்.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிற உறவினர் இப்போது காய்ந்த ரோஸ்மேரி, தைம் பொட்டலங்கள் கொண்டுவருகிறார்கள். அவையும் உருளைக்கிழங்குக்கு நல்ல துணைதான். ஆனால் பச்சை இலையின் அளவில் மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும். உள்ளங்கையில் தேய்த்து, வெங்காயம் வதங்கும்போது சேர்க்க வேண்டும். கொதிக்கும் வெறும் எண்ணெயில் விழுந்தால் நொடியில் கருகிக் கசக்கும். அவற்றைப் பெருஞ்சீரகத்தோடும் ரம்பையோடும் கலந்து போடாதீர்கள். எல்லாம் சேர்ந்தால் ஒன்றும் தெரியாது.

வறுத்து அரைத்த மிளகாய்த்தூளை எண்ணெயில் நேரே போடுகிற பழக்கத்தையும் விட வேண்டும். சரக்கு ஏற்கனவே வறுபட்டது. மறுபடி கொதிக்கும் எண்ணெய் பட்டால் தூளில் சேர்த்த வெந்தயம் கசக்கும், மிளகாய் கமறும். கிழங்கைத் திரும்பப் போட்ட பிறகு, நெருப்பைக் குறைத்து, ஒரு தேக்கரண்டித் தூளைக் கிழங்கின் மேல் தூவிப் பிரட்டினால் அந்தச் சூடே போதும்.

இறக்கிய பிறகு தாச்சியை மூடி வைக்காதீர்கள். மூடியின் உட்புறம் ஆவி நீராகிச் சொட்டும், இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பு ஐந்து நிமிடத்தில் தளர்ந்துவிடும். அகன்ற தட்டில் பரப்பி, தேசிக்காய் பிழிந்து, புட்டு நீத்துப்பெட்டியில் இருந்து இறங்குகிற அதே நேரத்துக்குப் பரிமாறுங்கள்.