துணி ஓவியமும் ஆய்வேடும்: முதுகலைத் திட்டத்தை முடிக்கும் வழி

படைப்புக்கு ஒரு பாதி, ஆய்வேட்டுக்கு ஒரு பாதி என்று மதிப்பெண் பிரியும் முதுகலைத் திட்டங்களில் பெரும்பாலானவை சறுக்குவது ஒரே இடத்தில்தான். எட்டு மாதம் படைப்பு, கடைசி ஒரு மாதம் எழுத்து என்று போகும். அந்தக் கடைசி மாதத்தில் எழுதப்படுவது ஆய்வு ஆகாது, நினைவுக் குறிப்பாக நின்றுவிடும். இதைத் தவிர்க்கும் வழியை, துணியில் எழுதுகோலால் வரையும் இயற்கைச் சாயக் கலம்காரியை வைத்துப் பார்ப்போம். களிமண்ணோ அச்சுப் படமோ எடுத்தவர்களுக்கும் முறை இதுவே.

முதலில் பாடத்திட்ட விதிமுறையை வாங்கிப் படியுங்கள். படைப்புக்கு எவ்வளவு, எழுத்துக்கு எவ்வளவு, வாய்மொழித் தேர்வு படைப்பின் முன்னால் நடக்குமா, புறத் தேர்வாளர் எப்போது வருவார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள். விதி அடிக்கடி மாறும்.

அடுத்தது கேள்வி. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-இல் கலை ஆய்வை மூன்றாகப் பிரித்தார்: கலையைப் பற்றிய ஆய்வு, கலைக்கான ஆய்வு, கலை வழியாகச் செய்யும் ஆய்வு. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. ‘கலம்காரியில் பெண் உருவங்கள்’ என்பது நூலகத்தில் உட்கார்ந்தே முடிக்கக்கூடிய தலைப்பு. கையில் சாயம் படத் தேவையில்லை. கலம்காரியில் துணியைக் கடுக்காய் கலந்த பாலில் ஊறவைத்து, படிகார நீரால் கோடு எழுதுவார்கள்; படிகாரம் பட்ட இடத்தில்தான் சிவப்புச் சாயம் பிடிக்கும். ‘கடுக்காய்ப் பாலில் உள்ள கொழுப்பு குறைந்தால் படிகாரக் கோடு எவ்வளவு பரவும்? அந்தப் பரவலையே ஓவியத்தின் மொழியாக்க முடியுமா?’ என்பது செய்து பார்த்தாலொழிய விடை கிடைக்காத கேள்வி. முதல் பாதியை அளக்கலாம், இரண்டாம் பாதியை வரைந்துதான் காட்ட முடியும். இரண்டும் ஒரே கேள்விக்குள் வந்தால் படைப்பும் ஆய்வேடும் தனித்தனியாகப் போகாது.

இந்தத் துறையில் ஆவணமும் உண்டு. 1734 வாக்கில் புதுச்சேரியில் போல்யூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி தன் கண்முன் துணி எழுத வைத்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742-இல் கடிதமாக எழுதிய செய்முறையில் கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சிவப்புச் சாயம் தரும் சாயவேர் எல்லாம் வரிசையாக வருகின்றன. இவற்றை வெறும் ‘இலக்கிய மீளாய்வு’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் எழுதிய ஒரு கட்டத்தை நீங்களே செய்து பார்த்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே குறிப்பு விட்டுப்போயிருக்கிறது என்று காட்டினால் அது ஓர் அத்தியாயம். போல்யூவின் துண்டு வெட்டும் பழக்கத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல ஆவண முறை இன்றும் இல்லை.

சோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பால் இல்லாதது, 3% கொழுப்பு, 6% கொழுப்பு என மூன்று நிலை; மில் மல் துணி, கைத்தறித் துணி என இரண்டு வகை; ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி. மொத்தம் 18 துண்டுகள், ஒவ்வொன்றும் 10 × 15 செ.மீ. கறந்த எருமைப்பாலின் கொழுப்பு நாளுக்கு நாள் மாறும். ஆகவே சோதனைக்கு அளவு அச்சிட்ட பாக்கெட் பால், இறுதிப் படைப்புக்கு வேண்டுமானால் எருமைப்பால். ஒரு வகைத் துணி முழுவதையும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டுங்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை என்று லென்ஸ் வைத்து எண்ணி எழுதுங்கள். கஞ்சி போக வெந்நீரில் சோடா போட்டு அலசாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதைப் பாலின் விளைவு என்று தவறாக எழுதிவிடுவீர்கள்.

தொடக்க அளவு, 100 கிராம் துணிக்கு: கடுக்காய்ப்பொடி 25 கிராம், பால் 250 மி.லி., தண்ணீர் 750 மி.லி. பால் இல்லாத துண்டுகளுக்குப் பாலின் அளவுக்குத் தண்ணீர். இருபது நிமிடம் ஊறவைத்து, ஒரே அழுத்தத்தில் பிழிந்து, மடிப்பு விழாமல் வெயிலில் காயவிடுங்கள். படிகாரம் லிட்டருக்கு 80 கிராம், வெதுவெதுப்பான நீரில் கரைத்தது. கோடு கண்ணுக்குத் தெரிவதற்குப் பதிமுகத் தண்ணீர் (பதிமுக மரக்கட்டையை ஊறவைத்த நீர்) சிறிது சேர்க்கலாம். பதிமுகமே சிவப்பு என்பதால் பரவலைச் சாயக் காய்ச்சலும் அலசலும் முடிந்த பிறகே அளக்க வேண்டும். எழுதிய துணியை முழுதாக ஒரு நாளாவது காயவைத்து, ஓடும் நீரில் அலசி மிச்சப் படிகாரத்தை நீக்குங்கள். தொட்டித் தண்ணீரில் குலுக்கினால் கரைந்த படிகாரம் வெள்ளைப் பகுதியில் போய் ஒட்டும், சாயத்தில் போட்டதும் துணியின் வெள்ளைப் பின்னணி முழுக்கச் சிவக்கும். சாயவேரோ, அதுபோலச் சிவப்புத் தரும் மஞ்சிட்டி வேரோ காய்ச்ச எவர்சில்வர் அல்லது செம்புப் பாத்திரம். இரும்பு பட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும்.

கறுப்புக் கோட்டுக்குத் துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர் சேர்த்து இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்த நீர். அடர்த்தி போதவில்லை என்று மேலும் மேலும் இரும்பு ஏற்றாதீர்கள். இரும்பு காலப்போக்கில் பருத்தியை அரிக்கும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப் போயிருப்பது இதனால்தான்.

துண்டுக்கு எண் பேனாவால் எழுதினால் காய்ச்சலில் போய்விடும். ஓரத்தில் வெள்ளை நூலால் தைத்து எண் போடுங்கள், அல்லது கத்தரியால் வெட்டுக்குறி வையுங்கள். சலிப்பான வேலைதான். அடையாளம் தெரியாத 18 சிவப்புத் துண்டுகளை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு விழிப்பதற்கு இது மேல்.

குறிப்பேடு இரு பத்தியாக இருக்கட்டும். இடப்பக்கம் செய்தது, கண்டது: தேதி, தண்ணீர் எங்கிருந்து, எடை, சூடு, நேரம், வானிலை. வலப்பக்கம் ஏன் அப்படி முடிவெடுத்தீர்கள் என்பது, அன்றிரவே எழுதியது. பழைய பக்கத்தைத் திருத்தக் கூடாது. தவறு தெரிந்தால் புதிய தேதியில் கீழே எழுதுங்கள். ‘இந்தப் பரவல் அழகாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம்’ என்று நீங்கள் எடுத்த முடிவுதான் கலை வழி ஆய்வின் உயிர். மூன்று மாதம் கழித்து அதற்குக் காரணம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது, அழகான காரணம் ஒன்றைத்தான் கற்பித்துச் சொல்வோம்.

படமெடுக்கும்போது எப்போதும் ஒரே இடம், ஒரே விளக்கு, பக்கத்தில் நிறத்தைச் சரிபார்க்க ஒரு சாம்பல் நிற அட்டையும் அளவுகோலும். வெளிச்சத்தில் நிறம் நிற்குமா என்று பார்க்க, துண்டின் பாதியை அலுமினியத் தாளால் மூடி வெயிலில் வையுங்கள். கூடவே 1 முதல் 8 வரை தரப்படுத்திய நீலக் கம்பளி அளவுத் துண்டுகளை வைத்தால் ‘கொஞ்சம் வெளுத்தது’ என்பதற்குப் பதில் ஓர் எண் கிடைக்கும்.

தமிழ்நாட்டில் கால அட்டவணையை மழைதான் போடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணி மெல்லக் காயும், ஈரத்தில் கோடு கூடுதலாகப் பரவும். ஜூலை முதல் செப்டம்பருக்குள் சோதனையை முடித்துவிட்டு, மழை மாதங்களில் ஆவண அத்தியாயத்தையும் முறையியலையும் எழுதுங்கள். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இறுதிப் படைப்பு. மார்ச்சில் புதிய சோதனை எதுவும் தொடங்க வேண்டாம், ஆசை எவ்வளவு இருந்தாலும்.

சிக்கல்நாயக்கன்பேட்டை போன்ற ஊர்களில் கைவினைஞரிடம் கற்கப் போகிறவர்கள் ஒப்புதல் கடிதத்தைத் தமிழில் எடுத்துச் செல்லுங்கள். எதைப் பதிவு செய்யலாம், எந்தக் குடும்ப அளவை அச்சிடக் கூடாது, பெயர் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். அவர்களின் நாளுக்குக் கூலி கொடுங்கள். அது நன்றியுரையில் கழியாது. கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. கல்லூரியில் நீங்கள் எழுதிய துணிக்கு அந்தப் பெயரை வைத்து விற்க முடியாது.

ஆய்வேட்டில் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் ஒரு துண்டு எண் இருக்க வேண்டும். எண் போட முடியாத வாக்கியம் ஊகம். அதை ஊகம் என்றே எழுதுங்கள். தோற்ற துண்டுகளையும் சேருங்கள், தேர்வாளர் முதலில் விரல் வைப்பது அவற்றில்தான். பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10% வரை தண்டனை இல்லை; 10-க்கு மேல் 40 வரை வந்தால் திருத்தித் தரச் சொல்வார்கள். செய்முறைப் பத்திகளைப் பிறர் ஆய்வேட்டிலிருந்து எடுத்து ஒட்டுகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். உங்கள் குறிப்பேட்டிலிருந்து எழுதினால் அந்தப் பயம் இல்லை.

காட்சியில் துணியை ஆணியோ பசையோ கொண்டு மாட்டாமல், மேல் ஓரத்தில் உறை தைத்துக் கோல் செருகித் தொங்கவிடுங்கள். வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளி அளவின் அலகு) அளவில் போதும். சோதனைத் துண்டுகளை எண் வரிசையில் ஒரு மேசையில் வைத்தால், வாய்மொழித் தேர்வில் பேச்சு தடுமாறும்போது கையால் எடுத்துக் காட்டலாம். அவிழ்ப்பதற்கு முன் முழு அறையையும் ஒவ்வொரு படைப்பையும் அளவுகோலோடு படமெடுங்கள்; பிற்சேர்க்கைக்கு அது வேண்டும். மடிப்பில் கறுப்புக் கோடுள்ள இடம் முதலில் விரிசல் விடும் என்பதால் துணிகளை மடிக்காமல், சுத்தமான வெள்ளை மல் சுற்றிய குழாயில் உருட்டி வையுங்கள்.