எல்லைப்புறக் கிறிஸ்தவக் காதல் நாவல்: எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

அமெரிக்க மேற்கு எல்லையைக் களமாக வைத்து எழுதுவோர் பலர், ஆண்டை முடிவு செய்யாமலே தொடங்கிவிடுகிறார்கள். 1848இல் குடியேறிகள் மேற்கே வண்டிகளில் போன ஆரகன் பாதையில் புறப்பட்டவளும் 1875இல் நெப்ராஸ்காவில் ரயிலை விட்டு இறங்கியவளும் ஒரே கதாநாயகியாக இருக்க முடியாது. முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஆண்டு, ஊர், திருச்சபை மூன்றையும் எழுதி வையுங்கள்.

பாதையில் போகும் மூடிய காளை வண்டிக்குள் உட்கார்ந்து காதலர் பேசும் காட்சி அடிக்கடி வருகிறது. வண்டித் தொட்டி ஏறத்தாழ 10 அடி நீளம், 4 அடி அகலம். அதில் மாவும் உப்புக்கண்டப் பன்றியிறைச்சியும் நிறைந்திருக்கும். குலுக்கலும் அதிகம். அதனால் பெரும்பாலோர் கூடவே நடந்தார்கள். நாளுக்குச் சுமார் 15 மைல், மொத்தம் 2,000 மைல், நான்கு முதல் ஆறு மாதம். காளைகளுக்குப் புல் முளைத்தபின் புறப்பட வேண்டும். தாமதித்தால் மலையில் பனி மறிக்கும். வழியில் கொன்றது பெரும்பாலும் அம்பு அல்ல, காலரா.

நிலச் சட்டத்தைப் படிக்காமல் விடுவது பெரிய நஷ்டம். 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் (குடியிருப்பு நில) சட்டப்படி 160 ஏக்கர் அரசு நிலம் கிடைத்தது. ஐந்தாண்டு அங்கே குடியிருந்து பயிரிட வேண்டியிருந்தது. 21 வயதான மணமாகாத பெண்ணும் விதவையும் விண்ணப்பிக்க முடிந்தது. கணவனோடு வாழும் மனைவியால் பொதுவாக முடியவில்லை. தாலுகா ஆபீஸ் விஷயம்போலத் தெரிந்தாலும், நல்ல காதல் சிக்கல் இதில்தான் இருக்கிறது: மனு கொடுத்துவிட்டு மணப்பதா, மணந்து உரிமையை இழப்பதா?

அந்த நிலம் ஆளில்லாமல் கிடக்கவில்லை. எந்தப் பழங்குடியின் மண் என்று பெயரிட்டே எழுதுங்கள். 1847இல் ஆரகன் பகுதியிலிருந்த வயிலட்பூ மிஷனில் தட்டம்மை பரவி கேயூஸ் பழங்குடி மக்கள் ஏராளமாக மடிந்தார்கள். மிஷனரி மருத்துவர் மார்கஸ் விட்மன்தான் விஷம் வைக்கிறார் என்று அவர்களுக்குச் சந்தேகம் விழுந்தது. நவம்பர் 29 அன்று அவரும் மனைவி நார்சிசாவும் இன்னும் பலரும் கொல்லப்பட்டனர். இப்படியொரு வரலாறு இருக்க, ‘காட்டுமிராண்டிகள்’ என்று எழுதிக் கடந்துபோவது பொய்சாட்சி.

வாராவாரம் கோவில் மணி அடிப்பதும் தவறு. புதுக் குடியிருப்புக்கு மெதடிஸ்ட் பிரசங்கி குதிரையேறிச் சில வாரங்களுக்கு ஒருமுறைதான் வருவார். கல்யாணமும் அவருக்காகக் காத்திருக்கும். இடைப்பட்ட ஞாயிறுகளில் வீட்டில் வேதம் வாசித்து ஜெபிப்பார்கள். கண்டிப்பான மெதடிஸ்ட் வீட்டுப் பெண்ணை ஃபிடில் இசைக்கு ஆடவிடாதீர்கள். வாத்தியமின்றிப் பாடியே விளையாடும் கூட்டங்கள் அவர்களிடம் இருந்தன. பாமாலைக்கும் ஆண்டு பாருங்கள்: ‘கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னெஸ்’ 1923இல்தான் வந்தது. அந்த வீடுகளில் இருந்தது கிங் ஜேம்ஸ் வேதாகமம் என்ற பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் எழுதும்போது அந்தத் தொனிக்கு 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பைவிட, நம் வீடுகளில் வாசிக்கும் பழைய திருப்புதலே பொருந்தும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, கல்யாணத்துக்குத் தோதாக வரும் மனந்திரும்புதல். ‘அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக’ (2 கொரிந்தியர் 6:14) என்பதால் கதாநாயகி, விசுவாசமில்லாத நாயகனை மறுக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் ஒரே பிரசங்கத்தில் அவன் மாறிவிடுகிறான். வாசகி நம்பமாட்டாள், பெண்ணுக்காக மாறினான் என்றே நினைப்பாள். அவனுடைய சந்தேகத்தை முதல் கால்பங்கிலேயே விதையுங்கள். அவள் கிடைக்கமாட்டாள் என்று உறுதியான பிறகு அவன் தனியாக முழங்கால் போடட்டும். அது அவளுக்குப் பல அத்தியாயங்கள் கழித்து, வேறொருவர் வாயால் தெரியவரட்டும்.