பதிவை மாற்றியது யார்? டேட்டாபேஸிலேயே பிடித்துவைக்கும் வழி

ஒரு பில்லில் நேற்று 1,500 ரூபாய் இருந்தது, இன்று 15,000 இருக்கிறது. யார் மாற்றியது என்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸிடம் கேட்டுப் பயனில்லை. வெப் அப்ளிகேஷன் ஒரே ஒரு லாகினில்தான் டேட்டாபேஸுக்குள் நுழைகிறது. அலுவலகத்தில் நாற்பது பேர் வேலை செய்தாலும் டேட்டாபேஸின் கண்ணுக்கு எல்லாரும் ஒரே ஆள். லாகின் பெயரைத் தரும் ‘கரண்ட்_யூசர்’ எப்போதும் அந்த ஒரு பெயரையே சொல்லும். உண்மையான ஆள் யார் என்பது அப்ளிகேஷனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தத் தகவலை டேட்டாபேஸ்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

டேபிளில் நான்கு ஃபீல்டுகள் போதும்: கிரியேட்டட்_பை, கிரியேட்டட்_அட், அப்டேட்டட்_பை, அப்டேட்டட்_அட். ‘பை’ இரண்டிலும் பயனரின் ஐடி எண்ணை வையுங்கள். பெயரும் மின்னஞ்சலும் மாறக்கூடியவை. அந்த ஐடியை யூசர்ஸ் டேபிளோடு இணைக்கும் ஃபாரின் கீ போடும்போது ‘கேஸ்கேட்’ பக்கமே போகாதீர்கள். வேலையை விட்டுப்போனவரின் கணக்கை அழித்தால் அவர் போட்ட பில்களும் கூடவே போய்விடும். ஐடியை நல் (மதிப்பே இல்லாத நிலை) ஆக்கும் ‘செட் நல்’ வைத்தால் பில் தப்பும், போட்டவர் யாரென்பது போய்விடும். அழிக்கவே விடாத ‘ரெஸ்ட்ரிக்ட்’ வைத்துவிட்டு, கணக்கை அழிக்காமல் முடக்குங்கள். ஏற்கெனவே உள்ள பதிவுகளுக்கு நல் அப்படியே இருக்கட்டும். அங்கெல்லாம் அட்மின் ஐடியை நிரப்புவது பொய்ச்சாட்சிக்குச் சமம்.

இந்த ஃபீல்டுகளை நிரப்புவது யார்? பலரும் அப்ளிகேஷனில், மாடலின் ‘சேவ்’ மெத்தடிலோ சிக்னலிலோ எழுதிவிடுகிறார்கள். அது ஓட்டைப் பானை. பைத்தானின் ஜாங்கோ ஃப்ரேம்வொர்க்கில் குவெரிசெட்டின் ‘அப்டேட்’டும் ‘பல்க்_கிரியேட்’டும் சேவ் மெத்தடைத் தொடுவதே இல்லை; ரூபியின் ரெயில்ஸில் ‘அப்டேட்_ஆல்’, சேமிக்கும்போது தானாக ஓடும் கால்பேக்குகளைத் தாண்டிப் போய்விடும். யாராவது நேரடியாக எஸ்கியூஎல் ஓட்டினால் கேட்கவே வேண்டாம். எந்த வழியாக வந்தாலும் டேபிளைத் தொடும் இடத்தில் காவல் நிற்பது, பதிவு மாறும்போது டேட்டாபேஸே தானாக ஓட்டும் டிரிகர் மட்டும்தான்.

டிரிகருக்கு ஐடியைச் சொல்ல ‘செட்_கான்ஃபிக்’ ஃபங்ஷன் இருக்கிறது. டிரான்சாக்‌ஷன் (முழுதாக நடக்கும் அல்லது மொத்தமாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கியதும் அந்த ஃபங்ஷனுக்கு மூன்று மதிப்புகள் கொடுங்கள்: ‘ஆப்.யூசர்_ஐடி’ என்ற பெயர், பயனரின் ஐடி, உதாரணமாக 57 (எழுத்து வடிவில்), ‘ட்ரூ’. ‘செட் லோக்கல்’ கட்டளையும் இதே வேலையைச் செய்யும். ஆனால் அது பாராமீட்டர் ஏற்காது. எண்ணைச் சரத்தில் ஒட்டித்தான் எழுத வேண்டும், வெளியாள் தன் கட்டளையைத் திணிக்கும் இன்ஜெக்‌ஷனுக்குக் கதவு திறக்கும். அதனால் ஃபங்ஷனே நல்லது.

மூன்றாவது மதிப்பில்தான் எல்லாமே இருக்கிறது. ‘ட்ரூ’ என்றால் அந்த எண் டிரான்சாக்‌ஷனோடு மறையும். ‘ஃபால்ஸ்’ என்றால் கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். அந்தக் கனெக்‌ஷன் பூலுக்கு (திறந்த கனெக்‌ஷன்களை மாறிமாறிப் பயன்படுத்தும் தொகுப்பு) திரும்பி, பேமென்ட் நிறுவனம் தானாக அனுப்பும் வெப்ஹுக் போல லாகின் இல்லாத ஒரு வேலைக்குப் போனால், அது செய்யும் மாற்றமும் 57ஆம் ஆள் தலையில் விழும். பூல் நடத்தும் பிஜிபவுன்சர் கருவியை டிரான்சாக்‌ஷன் மோடில் ஓட்டினால் இன்னும் மோசம். ஒரே ரிக்வெஸ்ட்டின் அடுத்தடுத்த டிரான்சாக்‌ஷன்கள் வெவ்வேறு கனெக்‌ஷன்களுக்குப் போகலாம். பெயரே இல்லாத பதிவைவிடத் தவறான பெயருள்ள பதிவு ஆபத்தானது.

‘ட்ரூ’ போட்டும் டிரிகருக்கு எண் வரவில்லை என்றால், டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி முடிந்ததுமே மதிப்பு போய்விட்டது. ஜாங்கோவில் இது அடிக்கடி நடக்கும். ‘ஏடாமிக்_ரிக்வெஸ்ட்ஸ்’ அமைப்பு, ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தயாரிக்கும் வியூவை மட்டும்தான் டிரான்சாக்‌ஷனுக்குள் வைக்கும், வியூவுக்கு முன் ரிக்வெஸ்ட் கடந்துவரும் மிடில்வேர் அதற்கு வெளியே ஓடுகிறது. மிடில்வேரிலேயே ஒரு ‘ஏடாமிக்’ திறந்து, உள்ளே எண்ணைப் போட்டு, பிறகு ரிக்வெஸ்ட்டை அனுப்புங்கள். ஆனால் ‘ஏடாமிக்_ரிக்வெஸ்ட்ஸ்’ஸை எடுத்துவிடாதீர்கள். வியூவில் வரும் எக்ஸப்ஷன் மிடில்வேரை அடையும் முன்பே 500 பதிலாக மாறிவிடுவதால், வெளியே உள்ள டிரான்சாக்‌ஷன் ஒன்றும் நடக்காததுபோல கமிட் ஆகிவிடும்.

இப்போது டிரிகர். ‘பிஃபோர் இன்சர்ட் ஆர் அப்டேட்’ வகை. இன்சர்ட்டில் நான்கையும் நிரப்பட்டும். அப்டேட்டில் அப்டேட்டட் இரண்டை மட்டும் நிரப்பி, கிரியேட்டட் இரண்டையும் பழைய வரிசையிலிருந்தே (ரோ) எடுத்து வைக்கட்டும். அப்போது ஃபார்மில் யாராவது கிரியேட்டட்_பையைத் திணித்து அனுப்பினாலும் எடுபடாது. நேரத்துக்கு ‘நவ்’ போதும். அது டிரான்சாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைத் தருவதால் ஒரே சேமிப்பில் மாறிய எல்லா வரிசைகளுக்கும் ஒரே நேரம் விழும்.

எண்ணைப் படிக்க ‘கரண்ட்_செட்டிங்’. இரண்டாவது மதிப்பாக ‘ட்ரூ’ கொடுத்தால், அமைப்பு இல்லாதபோது பிழைக்குப் பதில் நல் வரும். இதில் ஒரு கண்ணி உண்டு: புதிய கனெக்‌ஷனில் நல் வரும், ஒருமுறை பயன்பட்டுத் திரும்பிய கனெக்‌ஷனில் காலிச் சரம் வரும். அதை எண்ணாக மாற்றப் போனால் பிழை. உங்கள் கணினியில் ஒழுங்காக ஓடி, சர்வரில் மட்டும் அவ்வப்போது விழும் ரகம் இது. ‘நல்இஃப்’ போட்டுக் காலிச் சரத்தை நல் ஆக்கிய பிறகே மாற்றுங்கள்.

எண் வராவிட்டால் பதிவை ஏற்பதா மறுப்பதா? பணம் தொடும் டேபிள்களில் மறுத்துவிடுங்கள். இரவு வேலைகளுக்கும் இறக்குமதி ஸ்கிரிப்ட்டுகளுக்கும் யூசர்ஸ் டேபிளில் தனித்தனி ஐடி கொடுங்கள். செலரி போல, பின்னணியில் வேலைகளை ஓட்டும் க்யூவில் ஓடும் வேலைக்கு லாகின் கிடையாது. பட்டனை அழுத்தியவரின் ஐடியை வேலையோடு மதிப்பாக அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் கணக்குக்குள் உதவி ஊழியர் நுழையும் வசதி இருந்தால் இருவரின் எண்களும் தேவை.

இந்த நான்கு ஃபீல்டுகளும் கடைசியாகத் தொட்டவரை மட்டுமே சொல்லும். 1,500ஐ 15,000 ஆக்கியவருக்குப் பின் இன்னொருவர் முகவரியைத் திருத்தினால் பெயர் மாறிவிடும்; டெலீட் செய்தால் எல்லாமே போச்சு. அதற்கு வரலாற்று டேபிள் ஒன்று வேண்டும். ‘ஆஃப்டர்’ டிரிகர் ஒன்று, டேபிள் பெயர், ஐடி, செயல், ஆள், நேரம் ஆகியவற்றோடு பழைய வரிசையையும் புதிய வரிசையையும் ஜேசன்பி (போஸ்ட்கிரெஸின் ஜேசன் டேட்டா வகை) ஆக எழுதட்டும். பாஸ்வேர்டு ஹாஷ் ஃபீல்டை மட்டும் கழித்துவிடுங்கள். அப்ளிகேஷன் லாகினுக்கு அந்த டேபிளில் எழுதும் உரிமையே வேண்டாம். டிரிகர் ஃபங்ஷனை, அதன் உரிமையாளரின் உரிமையில் ஓடும் ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ ஆக்கி, டேபிள்களை எங்கே தேடுவது என்று சொல்லும் ‘சர்ச்_பாத்’தையும் அதில் நிலையாகக் குறியுங்கள். டேபிள்களின் உரிமையாளராக வேறு ரோல் இருக்கட்டும். உரிமையாளர் நினைத்தால் டிரிகரையே அணைத்துவிடலாம்.

சோதிக்கும்போது பூல் அளவை 1 ஆக்குங்கள். முதலில் 57 ஒரு பில்லைச் சேமிக்கட்டும், அடுத்து 112 சேமிக்கட்டும், மூன்றாவதாக லாகின் இல்லாமல் ஒரு சேமிப்பு. மூன்றாவது பிழை காட்டி நிற்க வேண்டும். பதிவாகி, அதில் 112 இருந்தால், எங்கோ ஓரிடத்தில் ‘ஃபால்ஸ்’ நுழைந்திருக்கிறது.