மலை தாண்டிக் கடலுக்கு: குரூப் சைக்கிள் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையைத் தாண்டிக் கடற்கரையில் முடியும் நீண்ட பயணம் என்றதும் கிளப்பில் எல்லோரும் முதலில் கேட்பது, "ஏற்றம் எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான். பயிற்சியும் அதற்கே, பயமும் அதைப் பற்றியே. ஆனால் நான் பார்த்தவரை ஆட்கள் விழுவதும், குரூப் சிதறுவதும், பாதியில் ஒருவர் வேனில் ஏறி உட்கார்வதும் பெரும்பாலும் உச்சியைத் தொட்ட பிறகுதான். உச்சியையே முடிவுக்கோடாக நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எங்கே பிரிந்து போக வேண்டும், எங்கே சேர்ந்து போக வேண்டும் என்பதைப் பல கிளப்புகள் தலைகீழாக வைத்திருக்கின்றன. ஏற்றத்தில் ஒட்டிக்கொண்டு போகிறார்கள், சமவெளிக்கு வந்ததும் பிய்த்துக்கொண்டு போகிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு. அங்கே நாம் போராடுவது நம் எடையோடு. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதால் அங்கே மிச்சமாவது கொஞ்சம்தான். சமவெளியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கதை வேறு. பின்னால் வருகிறவருக்கு உழைப்பில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும்.

அதனால் ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் போகட்டும். முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருந்தால் அதுதான் சரியான வேகம். வலுவான ஒருவரின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு முதல் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தவர், அதற்கான விலையைப் பிற்பகலில் கொடுப்பார். எங்கே எல்லோரும் சேர்வது என்பதை அடிவாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடைசியில் வரும் பொறுப்பை அனுபவமுள்ள ஒருவர் ஏற்க வேண்டும்.

உச்சியில் நடக்கும் ஒரு தவறு எனக்கு மனதை வருத்தும். முன்னால் வந்தவர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து, சாப்பிட்டு, போட்டோ எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து காலைத் தரையில் ஊன்றியதும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ, அவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அடுத்து வருவது இறக்கம். களைத்த கண்ணும் களைத்த கையுமாக அவரை அதில் இறக்கிவிடுவது நியாயமே இல்லை. கடைசி ஆள் வந்த பிறகுதான் ஓய்வு நேரத்தை எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

கியர் விஷயத்தில் வீம்பு வேண்டாம். பிரான்ஸின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1937 வரை டீரெய்லருக்கு, அதாவது ஓடிக்கொண்டே செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கியர் கருவிக்கு, அனுமதியே இல்லை. வீரர்கள் மலையடியில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்சக்கரத்தில் செயின் ஓடும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். இன்று நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முன்னால் உள்ள சிறிய பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருக்கும்படி மாற்றிக்கொண்டால் முழங்கால் பிழைக்கும். மாற்றுவதைப் பயணத்துக்கு முந்தைய நாள் செய்யாமல் சில வாரங்கள் முன்பே செய்து, ஓட்டிப் பார்த்துவிடுங்கள். புதுச் சீட்டு, புதுக் காலணிக்கும் இதே விதிதான்.

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை, கடுமையாக ஓட்டினால் இரண்டு மணி நேரம் அளவுக்குத்தான் வரும். ஏறும்போது மூச்சு வாங்குவதால் சாப்பிடத் தோன்றாது. இறங்கும்போது கை பிரேக்கில் இருக்கும். இப்படியே மூன்று மணி நேரம் ஓடிவிடும். அப்புறம் சமவெளியில் திடீரென்று கண் இருட்டி, கால் ஓயும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அதாவது இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் மேலும், கணக்கு வைத்து உள்ளே போக வேண்டும். வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். உப்பும் சேர வேண்டும்.

உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். உச்சியில் சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். அதோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் விரல் மரத்துப்போகும், பிரேக் பிடிக்க வராது. உடம்பு நடுங்கினால் ஹேண்டில்பாரும் நடுங்கும். காற்றுப்புகாத ஜாக்கெட்டை உச்சியில் நின்றதுமே போட்டுவிடுங்கள், குளிரெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் காலத்துப் பந்தய வீரர்கள் இறங்குமுன் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்கள். அவசரத்துக்கு இன்றும் அது உதவும்.

இறக்கத்தில் கும்பலாகப் போகவே கூடாது. வேகம் இரட்டிப்பானால் நிற்பதற்கு பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. முன்னால் இருப்பவருக்கு என்ன நேர்ந்தாலும் நின்றுவிடும் அளவுக்கு இடைவெளி வேண்டும். கொண்டை ஊசி வளைவில் பலரும் உள்ளே நுழைந்த பிறகு பயந்து பிரேக்கை அழுத்துகிறார்கள். அப்போது சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். பிறகு வெளிப்பக்கப் பெடலைக் கீழே வைத்து, அதில் எடையை ஊன்றி, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தால் சைக்கிள் தானாகத் திரும்பும். கண் பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் பள்ளத்துக்கே போகும். மேலிருந்து கீழ்வரை பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வருவதும் தவறு. ரிம் பிரேக்காக இருந்தால், கட்டை உரசும் சக்கர வளையம் சூடேறி ட்யூப் வெடிக்கலாம். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்து, லீவர் பிடிமானம் இல்லாமல் உள்ளே போய்விடலாம். அழுத்தி விடுவது, ஆற விடுவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

2003 டூர் டி பிரான்ஸில், முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் பிடித்த ஜோசெபா பெலோக்கி வெயிலில் உருகிய தார்ச்சாலையில் இறங்கும்போது விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். அவ்வளவு தேர்ந்தவரையே சாலை ஏமாற்றியது. நிழல் விழும் வளைவில் ஈரம், உள்விளிம்பில் மணல், நண்பகலில் உருகிய தார் எல்லாம் இருக்கும் என்று நினைத்தே இறங்க வேண்டும்.

மலை முடிந்தது, இனி கடல்வரை உருண்டுகொண்டே போகலாம் என்று நினைப்பவர்களுக்குக் கடற்காற்று காத்திருக்கிறது. பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேல் இருக்கும் காற்று மேலெழும். அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வரும். முற்பகலின் பின்பகுதியில் ஆரம்பித்து, பிற்பகலில்தான் அது உச்சத்தில் இருக்கும். குரூப் மலையிலிருந்து இறங்கும் நேரமும் பெரும்பாலும் அதுதான். நாம் போகும் திசை கடல், காற்று வரும் திசையும் கடல். கடைசி 40, 50 கிலோமீட்டர் முகத்தில் அறையும் எதிர்காற்றுதான் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்பினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

இங்கேதான் ஒட்டிக்கொண்டு போக வேண்டும். வலுவானவர்கள் முன்னால் அதிக நேரம் இருக்கலாம், வேகத்தை மட்டும் கூட்டக் கூடாது. களைத்தவர் முன்னால் வராமல் பின்னாலேயே இருப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்துவிடாமல் பாருங்கள். அவர் ஒரு குழிக்காக லேசாக ஒதுங்கினால் சக்கரங்கள் உரசும். விழுவது பின்னால் இருப்பவர்தான். முன்னால் போகிறவருக்குச் சில சமயம் சத்தம் மட்டும்தான் கேட்கும். குழி, மணல், நிறுத்தம் எல்லாவற்றையும் கையாலும் குரலாலும் கடைசி ஆள் வரை கடத்துங்கள்.

நேரக் கணக்கையும் சமவெளி வேகத்தில் போடாதீர்கள். ப்ரெவே எனப்படும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு அனுமதிக்கும் நேரமே 13 மணி 30 நிமிடம், அதாவது நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. ஒருவருக்குப் பஞ்சரானால் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கும். ஆளுக்கு இரண்டு ட்யூப், ஒரு பம்ப், முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம். பகலிலேயே போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று சொல்லி விளக்கை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவரை அடிவாரத்தைத் தாண்ட விடாதீர்கள். கரை சேர்ந்ததும் தலைகளை எண்ணுங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் அன்று இரவே நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.