திருவொற்றியூரில் ஏறி, சென்ட்ரல் வருவதற்குள் ஒரு பகா எண்ணை உறுதிசெய்வது எப்படி?

ஒரு எண் பகா எண்ணா என்று பார்க்க 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போவதுதான் பள்ளிக்கூடத்து வழி. நாலு இலக்கம் வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் பொறுமை போய்விடும். ஆனால் 2-இன் அடுக்கில் 1 கழித்தால் வரும் மெர்சென் எண்களுக்கு லூகாஸ்-லேமர் சோதனை என்று ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அதை நான் கற்றுக்கொண்டது சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில்தான்.

திருவொற்றியூரில் ஏறி ஜன்னல் ஓரம் உட்காருங்கள். பேனாவும் துண்டுச் சீட்டும் போதும். நம் எண் 127, அதாவது 2-இன் 7-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. முதலில் அடுக்கைப் பாருங்கள், அதுவே பகு எண்ணாக இருந்தால் மொத்த எண்ணும் பகு எண்தான், அங்கேயே விட்டுவிடலாம். 7 தேறிவிட்டது.

4-இல் தொடங்க வேண்டும். வர்க்கம், அதில் 2 கழித்தல், 127-ஆல் வகுத்த மீதி: இதுதான் ஒரு சுற்று. அடுக்கைவிட இரண்டு குறைவாக, இங்கே 5 சுற்று. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் இல்லை. திருவொற்றியூரிலிருந்து சென்ட்ரல் சரியாக ஐந்தாவது ஸ்டேஷன்!

127-ஆல் வகுத்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், 128-ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். வ.உ.சி. நகரில் 14. தண்டையார்பேட்டையில் 194; அது 128-உம் 66-உம், ஆக 1 + 66 = 67. கொருக்குப்பேட்டையில் 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487, அதில் 128 முப்பத்தைந்து தடவை போய் 7 மிஞ்சும், 35 + 7 = 42. பேசின் பிரிட்ஜில் 1762, அது 13 + 98 = 111 ஆகிறது. இனி 111-இன் வர்க்கம்தான் கொஞ்சம் வேலை வாங்கும், ஆனால் சிக்னலுக்காக வண்டி அங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? 12319 என்பது 96 + 31, அதாவது 127, மீதி பூஜ்யம். சென்ட்ரல் வந்தாச்சு, 127 பகா எண்.

அடுக்கு பகா எண்ணாக இருப்பது மட்டும் போதாது, நானே அதில் ஏமாந்திருக்கிறேன். 11 பகா எண், ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047 என்பது 23 × 89. ஒன்பது சுற்று போட்டால் 1736-இல் வந்து நிற்கும். வகுஎண்ணைத் தேடுவதாக இருந்தால் 1-இல் தொடங்கி அடுக்கின் இருமடங்கு, இங்கே 22, தாவித் தாவிப் பாருங்கள், முதல் தாவலில் 23-இலேயே மாட்டிவிடும்.

மெர்சென் எண்ணில் எத்தனை இலக்கம் என்று அறிய அடுக்கை 0.3010299957-ஆல் பெருக்கி மேலே முழுமையாக்கினால் போதும். 1876-இல் லூகாஸ் உறுதிசெய்தது 127-ஆம் அடுக்கு, 39 இலக்கம். 2024-இல் லூக் டுரான்ட் கண்டுபிடித்தது 13,62,79,841-ஆம் அடுக்கு, 4,10,24,320 இலக்கம். அந்தப் பெரிய எண்ணுக்கும் கணினி போட்டது நாம் போட்ட அதே சுற்றுகள்தான், ஸ்டேஷன்தான் கொஞ்சம் அதிகம்.

அடுத்து 8191, அதாவது 2-இன் 13-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. அதற்கு 11 சுற்று, நந்தியம்பாக்கத்தில் ஏற வேண்டும், செல்போன் கால்குலேட்டர் இல்லாமல் முடியாது. பேசின் பிரிட்ஜில் கையில் 128 இருந்தால் கணக்கு சரி: அதன் வர்க்கத்தில் 2 போனால் 16382, 8191-இன் இருமடங்கு.