தீவில் தங்க அறை எடுக்கும்போது

யாழ்ப்பாணத் தீவுகளில் அறை தேடுபவர்கள் முதலில் படகைத்தான் பார்க்க வேண்டும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் மூன்றுக்கும் றோட்டால் போகலாம். அறை சரிவராவிட்டால் இரவு எட்டு மணிக்கும் ஓட்டோ பிடித்து நகரத்துக்குத் திரும்பிவிடலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவில் அது நடக்காது. கடைசிப் படகு போய்விட்டால் விடியும்வரை அந்த அறைதான்.

புங்குடுதீவிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கு ஏறக்குறைய கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவில் எடுக்கும். நயினாதீவில் கோயிலும் விகாரையும் மட்டும் பார்ப்பதென்றால் இரவு தங்கத் தேவையில்லை. நெடுந்தீவு அப்படியல்ல. போன அன்றே திரும்புபவர்கள் கோட்டையையும் பெருக்க மரத்தையும் (பருத்த அடியுள்ள பாவோபாப் மரம்) உச்சி வெயிலில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, காட்டுக் குதிரைகளைத் தூரத்தில் கண்டபடி படகு ஏறும் மாவிலித்துறைக்கு விரைவார்கள். ஓர் இரவு தங்கினால் மாலை வெயில் சாய்ந்த பிறகு புல்வெளிப் பக்கம் ஆறுதலாகப் போகலாம்.

அடுத்தது மாதம். பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. மே தொடக்கம் செப்டெம்பர் வரை சோழகம் என்ற தென்மேல் காற்று வீசும். காற்று கடுமையானால் படகை நிறுத்திவிடுவார்கள். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை மழை. நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழா நடக்கும் ஆனி மாதத்திலும், போயா (பௌர்ணமி) தினங்களிலும் குறிகட்டுவானில் வரிசை நீளும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் நகரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். தீவுக்குப் போகும் முதல்நாள் இரவு நகரத்தில் தங்குவதென்றால் அந்த அறையையும் சேர்த்தே, இரண்டு மாதம் முந்திப் பதியுங்கள்.

இனி தண்ணீர். கட்டில், ஏசி எல்லாவற்றையும் விட இதுதான் பெரிய விஷயம். தீவுக் கிணறுகள் பலவும் உவர். உவர்நீரில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் பிசுபிசுக்கும், பிள்ளைகளுக்குக் கண் எரியும். விளம்பரப் படங்களில் இது தெரியாது. குளியலறைக் குழாயின் வாயைக் கிட்டவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சுற்றிவர வெள்ளைப் பொருக்குத் தடிப்பாகப் படிந்திருந்தால் குளிக்க வருவது உவர்நீராகவோ சுண்ணாம்பு கூடிய தண்ணீராகவோ இருக்கலாம். அதற்காக அந்த இடத்தை விடத் தேவையில்லை. கடைசி வாளி மட்டும் நல்ல தண்ணீர் தருவார்களா என்று கேளுங்கள், பல வீடுகளில் தருவார்கள். குடிக்கும் தண்ணீர் வாடகைக்குள் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மின்சாரமும் அப்படித்தான். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குக் கரையிலிருந்து மின்சாரம் வருவதில்லை, அங்கேயே உற்பத்தி செய்கிறார்கள். 'ஏசி இருக்கு' என்றால், 'இரவு முழுக்கப் போடலாமா?' என்பது அடுத்த கேள்வி. கரண்ட் நின்றால் ஜன்னல் திறக்க வேண்டி வரும், ஆகவே நுளம்பு வலை கட்டாயம். வலையில் ஓட்டை இருக்கிறதா என்று போன உடனே, வெளிச்சம் இருக்கும்போதே பாருங்கள்.

சாப்பாட்டையும் பதியும்போதே பேசி முடியுங்கள். நெடுந்தீவில் இரவில் கடை தேடி அலைய முடியாது. மீன், நண்டு வேண்டுமென்றால் முதல்நாளே சொன்னால்தான் காலையில் கரையில் வாங்கி வைப்பார்கள்.

இணையத்தளத்தில் இடத்தைக் கண்டுபிடித்தாலும் காசு கட்ட முன்னர் ஒருக்கால் தொலைபேசியில் கதையுங்கள். வரைபடத்தில் 'கடற்கரை அருகே' என்று காட்டும் புள்ளி சிலவேளை பிழையான இடத்தில் நிற்கும். இறங்குதுறையிலிருந்து எத்தனை கிலோமீற்றர், யார் வந்து ஏற்றுவார்கள், அதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். சொன்ன விலை அறைக்கா ஆளுக்கா, 10 வீத சேவைக் கட்டணம் அதற்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள். கதைத்து முடிந்ததும் பேசியதை எழுத்தில் அனுப்புங்கள். இப்படி எழுதினால் போதும்:

'வணக்கம் அண்ணை. 14ஆம் திகதி வெள்ளி ஓர் இரவு, பெரியாக்கள் 3, பிள்ளை 1. ஒரு அறை, இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் நீங்கள் சொன்ன விலை. முற்பணம் இண்டைக்குப் போடுறன். காற்றால படகு ஓடாட்டி வேற திகதிக்கு மாத்தித் தருவீங்கள் எண்டு சொன்னனீங்கள், சரிதானே?'

'ஓம்' என்று பதில் வந்த பிறகு முற்பணத்தைப் போடுங்கள். கால் பங்குக்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள். முழுக் காசையும் முன்கூட்டியே கேட்டு, படகு நின்றால் திருப்பித் தர மாட்டோம் என்பவர்களிடம் சோழக மாதங்களில் பதியவே வேண்டாம். காற்று உங்கள் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை; நட்டத்தை ஒருவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை.

புறப்படும் முதல்நாள் மாலை வீட்டுக்காரரை மறுபடி அழைத்து, காலைப் படகு எத்தனை மணிக்கு என்று உறுதிப்படுத்துங்கள். இணையத்தில் கிடக்கும் பழைய நேர அட்டவணையை நம்பி வருபவர்கள்தான் துறையில் காத்துக் கிடக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். மிச்சக் காசை நோட்டாகவே கொண்டு போங்கள். தீவில் காட் மெசினை எதிர்பார்க்க வேண்டாம். திரும்பி வரும் நாளிலேயே கொழும்பு ரயிலுக்கோ விமானத்துக்கோ ரிக்கெற் எடுக்காதீர்கள். இடையில் ஓர் இரவு யாழ்ப்பாணத்தில் நில்லுங்கள்.