உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு ரிமோட் டெஸ்க்டாப்: எந்த இடத்தில் நிற்கிறது?

ஆடிட்டர் அலுவலகங்களுக்குக் கணினி பார்த்துக்கொடுப்பது என் தொழில். டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுவது அலுவலக விண்டோஸில். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் கையில் உபுண்டு (லினக்ஸ்) லேப்டாப் இருக்கும். அதிலிருந்தபடியே அலுவலகக் கணினியின் திரையைத் திறந்து வேலை பார்ப்பதுதான் ரிமோட் டெஸ்க்டாப், அதற்கு உபுண்டுவில் இருக்கும் செயலி ரெமினா. "கனெக்ட் ஆகல சார்" என்று போன் வந்தால், ரெமினாவை நீக்கிவிட்டு மறுபடி போடச் சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் நின்றது என்று கேட்பேன். சுற்றிக்கொண்டே இருந்து நின்றதா, பாஸ்வேர்டு தப்பு என்றதா, உள்ளே போனபின் திரை கறுத்ததா?

சுற்றிவிட்டு நின்றால் வழியில்தான் கோளாறு. அலுவலகக் கணினியில் இருப்பது விண்டோஸ் ஹோம் என்றால் அதோடு சரி. வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே வர அந்தப் பதிப்பு விடாது, புரோ வேண்டும். புரோ என்றால், செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் ஆன் ஆகியிருக்கிறதா, கணினி ஸ்லீப்புக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்குப் பதில் வரவில்லை என்று பதற வேண்டாம், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்து வைத்திருக்கலாம். உபுண்டு டெர்மினலில் நெட்கேட் (nc) கட்டளையால், அலுவலகக் கணினியின் ஐபி முகவரியோடு 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலைச் சோதியுங்கள். உடனே மறுப்பு வந்தால், பெரும்பாலும் கணினி எட்டுகிறது, ரிமோட் டெஸ்க்டாப் சேவைதான் ஓடவில்லை. பதிலே இல்லையென்றால் ஃபயர்வால், அல்லது ஐபி மாறிவிட்டது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு ஒரே ஐபியை ஒதுக்கிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெளியிலிருந்து எட்டவேண்டும் என்பதற்காக ரவுட்டரில் 3389-ஐத் திறந்துவிடாதீர்கள். 2019-இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. வாடிக்கையாளர்களின் கணக்கு மொத்தமும் அந்தக் கணினியில்தான் இருக்கிறது. வயர்கார்டு போல ஒரு விபிஎன் (இணையத்தின் வழியே பூட்டிய தனிப்பாதை) போட்டு அதன் வழியாக வாருங்கள்.

பாஸ்வேர்டு தப்பு என்றால், பலரும் தட்டுவது பின் நம்பரை. தினமும் அதைத்தானே தட்டுகிறார்கள்! இங்கே அது செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் பயனர் பெயரில் முழு மின்னஞ்சல் முகவரி, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டே இல்லாத உள்ளூர்க் கணக்கையும் விண்டோஸ் ஏற்காது. ரிமோட்டுக்கென்றே பாஸ்வேர்டோடு தனி உள்ளூர்க் கணக்கு தொடங்கி, ரிமோட் டெஸ்க்டாப் பயனர்கள் குழுவில் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. திரை திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதன்டிகேஷனை விண்டோஸில் அணைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். அணைக்காதீர்கள், ரெமினாவைப் புதுப்பியுங்கள்.

திரை கறுத்தால் ரெமினாவில் நிற ஆழத்தைக் குறைத்துப் பாருங்கள். எதிர்த்திசையில், விண்டோஸிலிருந்து எக்ஸ்ஆர்டிபி (உபுண்டுவில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் மென்பொருள்) வழியாக உபுண்டுவுக்கு வரும்போது கறுத்தால், பெரும்பாலும் அதே பயனர் அங்கே நேரடியாக லாகின் ஆகியிருப்பார். அவரை லாக் அவுட் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம் தமிழ்த் தட்டச்சு. ரெமினா அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்பதை. எழுத்தை உருவாக்குவது அந்தப் பக்கத்து விண்டோஸ். இரண்டு பக்கமும் தமிழ்99 விசைப்பலகை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். உபுண்டுவில் ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு, விண்டோஸில் மட்டும் தமிழ்99-க்கு மாற்றுங்கள்.